உங்களுக்கும் நடக்குதா 'இருண்ட காலம்'?

ஒரு சின்ன டெஸ்ட். கடைசியா உங்க கையால ஒரு பொருளைச் செஞ்சது எப்போ? ரெக்கார்டு நோட்டு எழுதினது, அசைன்மென்ட் பிரின்ட் எடுத்தது எல்லாம் கணக்குல வராது. களிமண்ணோ, அட்டையோ, கட்டையோ... ஏதோ ஒண்ணை உருட்டி, ஒட்டி, அடுக்கி, 'நானே செஞ்சது!'னு வீட்டுல எல்லாருக்கும் காட்டினீங்களே, அது எந்த வருஷம்?

பலருக்கு அது ஆறாங்கிளாஸ், ஏழாங்கிளாஸோட நின்னு போயிருக்கும். அப்புறம் டென்த், ப்ளஸ் டூ, கட்-ஆஃப், கவுன்சலிங்னு ஓட ஆரம்பிச்சவங்கதான். கட்டை டப்பா பரணுக்குப் போச்சு. இல்லேன்னா சித்தி பையனுக்குப் போச்சு.

இதுக்கு ஒரு பேர் இருக்கு பாஸ். லெகோ கட்டைகளைச் சேர்த்துக் கட்டி விளையாடற பெரியவங்க உலகம் முழுக்க இருக்காங்க. 'அடல்ட் ஃபேன் ஆஃப் லெகோ' என்பதைச் சுருக்கி 'ஏஃபோல்'னு அவங்க தங்களுக்கே பேர் வெச்சிருக்காங்க. சின்ன வயசுல கட்டையைக் கீழே வெச்ச நாளுக்கும், பெரியவங்களானதும் திரும்பக் கையில எடுக்கிற நாளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வருது இல்லையா? அதை அவங்க 'டார்க் ஏஜ்'னு சொல்றாங்க. தமிழ்ல சொன்னா, இருண்ட காலம்!

ஸ்கூல்ல களப்பிரர் காலத்தை இருண்ட காலம்னு படிச்சோமே, அது மாதிரி. ஆனா இந்த இருண்ட காலம் சரியா உங்க வயசுலதான் நடக்குது. அதான் மேட்டர்!

ஆசாரி வீட்டுக் கட்டை

டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர். உலகமே பொருளாதார மந்தத்தில் தவித்த 1932-ல், வீடு கட்டுகிற வேலை கிடைக்காமல் மர பொம்மை செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்ற அர்த்தம் வருகிற 'லே கோத்' என்ற டேனிஷ் வார்த்தைகளைச் சேர்த்து 'லெகோ' என்று பெயர் வைத்தார். 1942-ல் பட்டறை தீப்பிடித்து எரிந்தது. திரும்பக் கட்டினார். 1960-ல் மர பொம்மை கிடங்கும் எரிந்தது. அதோடு மரத்துக்கு டாட்டா, முழுசாக பிளாஸ்டிக்!

1949-லேயே பிளாஸ்டிக் கட்டைகள் வந்துவிட்டன. ஆனால், அடுக்கினால் பிடிப்பு இல்லாமல் உதிர்ந்துவிடும். ஓலேயின் மகன் காட்ஃப்ரெட், கட்டையின் அடிப்பக்கத்துக்குள் குட்டிக் குழாய்களை வைத்தார். மேலே இருக்கிற குமிழ், கீழே இருக்கிற குழாயில் 'க்ளிக்' என்று மாட்டிக்கொண்டது. 1958 ஜனவரி 28-ம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அன்று வந்த கட்டையை இன்று வாங்குகிற கட்டையில் மாட்டினாலும் பொருந்தும்!

இது எப்படி? தலைமுடியின் பருமனைவிடக் குறைவான பிசகுக்குள் அச்சுகளைத் தயார் செய்வதால். திண்டுக்கல்காரங்களுக்கு இதைத் தனியா விளக்கணுமா என்ன? பூட்டுக்கும் சாவிக்கும் நடுவுல அரை நூல் பிசகினாலும் என்ன ஆகும்னு நம்ம பூட்டுப் பட்டறைகளைக் கேட்டா சொல்லிடுவாங்க. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டும் அந்தப் பொருத்தத்தை நம்பித்தான் பிழைக்குது. அங்கே மெஷின் அச்சு, இங்கே அரம் பிடிச்ச கை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு கட்டை, 91 கோடி வழி

மேத்ஸ் டிபார்ட்மென்ட் மக்கள் மட்டும் கொஞ்சம் கிட்ட வாங்க.

எட்டுக் குமிழ் வைத்த, ஒரே நிறக் கட்டைகள் இரண்டை எடுத்தால் 24 விதமாகப் பொருத்தலாம். மூன்று கட்டை என்றால் 1,060. ஆறு கட்டை என்றால்? பல வருஷமாக அந்தக் கம்பெனியே 10,29,81,500 என்று சொல்லிக்கொண்டிருந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் இதைச் சும்மா சரிபார்த்தார். கணக்கு இடித்தது! ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரத்துக்குக் கட்டுகிற வழிகளை மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். ஒரே வரிசையில் இரண்டு, மூன்று கட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வருவதை விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் எண்ணியபோது வந்த விடை 91,51,03,765. ஒரு பள்ளி மாணவர் தனியாக எழுதிய புரோகிராமும் அதே எண்ணைத்தான் கொடுத்தது.

பொம்மையை வைத்துக்கொண்டு ஒரு பேராசிரியரும் ஒரு ஸ்கூல் பையனும் மோதியிருக்காங்க. யாரும் 'வயசுக்கேத்த வேலை பாரு'ன்னு சொல்லலை!

பெரியவங்க எப்போ உள்ளே வந்தாங்க?

1998-ல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற ரோபோ செட் வந்தது. மோட்டார், சென்சார், நடுவில் ஒரு குட்டி கம்ப்யூட்டர். குழந்தைகளுக்கு என்று நினைத்து விட்டார்கள். ஆனால் வாங்கியவர்களில் கணிசமானவர்கள் பெரியவர்கள். சில வாரங்களிலேயே ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஒருவர் அதன் உள்ளே இருக்கிற புரோகிராமைப் பிரித்து மேய்ந்து, விவரத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். கேஸ் போடலாமா என்று யோசித்த கம்பெனி, கடைசியில் 'தாராளமா நோண்டுங்க' என்று அனுமதியே கொடுத்துவிட்டது! 2022-ன் முடிவில் அந்த வரிசை நிறுத்தப்பட்டது. ஆனால், அதில் கை பழகி ரோபோட்டிக்ஸ் பக்கம் போனவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

1999-ல் ஸ்டார் வார்ஸ் செட்கள் வந்தன. ஆனாலும் 2003, 2004-ல் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி, கதவைச் சாத்தும் நிலைக்கு வந்தது. அதிலிருந்து மீண்ட கதையில் இந்தப் பெரிய ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. அதுவரை ஓரமாகப் பார்க்கப்பட்ட அவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். 2008-ல் 5,922 துண்டுகளோடு வந்தது யார் தெரியுமா? நம்ம தாஜ்மகால்! அதுவரை வந்ததிலேயே அதிகத் துண்டுகள் கொண்ட செட். ஷாஜகான் 20,000 பேரை வைத்துக் கட்டியதாகச் சொல்கிறார்கள். இதை ஒருத்தர் சாப்பாட்டு மேஜையில் கட்டலாம்.

2020-ல் '18+' என்று பெட்டியிலேயே அச்சிட்டு, கறுப்பு நிறப் பெட்டிகளில் தனியாக விற்க ஆரம்பித்தார்கள். 2022-ல் ஈஃபிள் டவர் 10,001 துண்டுகளோடு வந்தது. ரசிகர்கள் தாங்களே டிசைன் செய்து அனுப்பலாம், 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் கம்பெனி பரிசீலிக்கும், செட்டாக வந்தால் விற்பனையில் 1 சதவிகிதம் டிசைன் செய்தவருக்கு என்ற திட்டமும் இருக்கிறது.

நம்ம வீட்டு ஏஃபோல்!

'இதெல்லாம் வெள்ளைக்காரங்க பொழுதுபோக்கு'ன்னு உதட்டைப் பிதுக்கறீங்களா? கொஞ்சம் இருங்க. நவராத்திரிக்கு உங்க பாட்டி என்ன பண்றாங்க?

பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். பழைய நியூஸ்பேப்பர் சுற்றின பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரிப்பாங்க. ஒற்றைப்படையில் மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது என்று படி கட்டுவாங்க. கல்யாண செட், கிரிக்கெட் செட், கடை விரிச்ச செட்டியார் பொம்மை. கீழே மண்ணைக் கொட்டி, பயிர் முளைக்க வெச்சு, கண்ணாடியைக் குளமாக்கி ஒரு 'பார்க்'. வருஷத்துக்குப் புதுசா ஒரு பொம்மையாவது வாங்கணும். கல்யாண செட்ல நாதஸ்வரக்காரர் உடைஞ்சா, அதே சைஸ்ல இன்னொருத்தரைத் தேடிக் கடை கடையா ஏறுவாங்க. தீம், செட், கலெக்‌ஷன், காணாமப் போன பீஸைத் தேடறது... ஏஃபோல் செய்யறது அத்தனையும் இதுல இருக்கு. வயசு மட்டும் எழுபது!

அந்த பொம்மைகள்ல பல நம்ம பக்கத்துல இருந்தே வருது. மதுரைக்கு அருகில் விளாச்சேரியில் குடும்பம் குடும்பமாக மண் பொம்மை செய்கிறார்கள். கொலு முடிந்ததும் அதே கைகள் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைக்கு மாறிவிடும். திண்டுக்கல் பக்கம் டிசம்பர்ல பாருங்க. வைக்கோல், காகித மலை, சீரியல் லைட் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து குடில் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் காலேஜ் பசங்கதான்.

இன்னொரு கோஷ்டியும் இருக்கு. ஃபோம் ஷீட்டை வெட்டி, அரசு பஸ், தனியார் பஸ், லாரியை எல்லாம் போர்டு, கண்ணாடி, சீட், பெயின்ட் வரை அச்சு அசலா குட்டியாகச் செய்கிற இளைஞர்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இருக்கிறார்கள். வாங்கின செட் இல்லை, வழிகாட்டும் புத்தகம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்துப் பார்த்து மனசில் அளவெடுத்தது. ஏஃபோல்கள் இதை 'மை ஓன் கிரியேஷன்' என்று சொல்லி, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார்கள்.

சீல் பிரிக்காத பெட்டி

எல்லாம் ஓகே, காசு?

நியாயமான கேள்வி. ஒரு பெரிய செட் விலைக்கு மெஸ் பில் மாசக்கணக்கில் கட்டலாம். வெளிநாட்டு பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. ஹாஸ்டல் ஜீவன்களுக்கு எட்டாக்கனிதான்.

'வாங்கி வெச்சா பின்னாடி விலை ஏறும்டா' என்று ஒரு ஃப்ரெண்ட் வருவான். முழுப் பொய்யும் இல்லை. 1987 முதல் 2015 வரையிலான செட்களின் மறுவிற்பனையை ஆராய்ந்த ரஷ்யப் பொருளாதார ஆய்வு ஒன்று, சராசரியாக வருஷத்துக்கு 11 சதவிகிதம் லாபம் வந்ததாகச் சொன்னது. ஆனால், அந்த லாபம் பெட்டியைப் பிரிக்காதவருக்குத்தான். மேலும் தாஜ்மகால் கதையைக் கேளுங்க. உற்பத்தி நின்றதும் அதன் விலை பல மடங்கு ஏறியது. பதுக்கி வைத்தவர்கள் கனவு கண்டார்கள். 2017-ல் கம்பெனி அதே தாஜ்மகாலைத் திரும்பவும் கொண்டுவந்துவிட்டது. கனவு புஸ்ஸ்!

யோசிச்சுப் பாருங்க. 'நன்றாக விளையாடு'ன்னு பேர் வெச்ச பொருளை, விளையாடாம பீரோவுல பூட்டி வைக்கிறது என்ன நியாயம்? சேர்க்கிறது வேற, செய்யறது வேற. முதல்ல சொன்னதுக்குக் காசு வேணும். ரெண்டாவதுக்குக் கையும் நேரமும் போதும்.

காந்திகிராமத்துல நின்னு யோசிச்சா...

இந்த ஊருக்கு இந்த மேட்டர் ரொம்பவே சொந்தம். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956-ல் கிராமிய நிறுவனம் வந்தது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இதற்கெல்லாம் வேர், 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி. அவர் சொன்னதன் சாரம் ரொம்ப சிம்பிள்: கைவேலையை ஓரத்தில் ஒரு பீரியடாக வைக்காதீர்கள்; அதன் வழியாகவே கணக்கும் அறிவியலும் கற்றுக்கொடுங்கள்.

காந்தி இருந்திருந்தா பத்தாயிரம் துண்டு வெளிநாட்டு பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்து, 'இதே பொழுதுக்கு ரெண்டு சிட்டம் நூல் நூற்கலாமே'ன்னு சிரிச்சிருப்பார். அதுல நியாயம் இருக்கு. ஆனா இருபது வயசு ஆளு ஒருத்தர், மூணு மணி நேரம் போனைத் தொடாம, கையில இருக்கிற ஒரு துண்டு எங்கே பொருந்தும்னு தேடிக்கிட்டிருக்கார்னா, அதை அவர் மறுத்திருக்க மாட்டார்னு தோணுது.

ஏன்னா நம்ம படிப்பு பெரும்பாலும் செட்டோட வர்ற வழிகாட்டிப் புத்தகம் மாதிரி. முதல் பக்கம், ரெண்டாம் பக்கம், கடைசியில அட்டைப் படத்துல இருக்கிறதே வரும். அதைக் கட்டி முடிக்கிறதும் ஒரு திறமைதான். ஆனா வேலைக்குப் போன இடத்துல யாரும் அட்டைப் படம் தர மாட்டாங்க. ஒரு கூடை கட்டையைக் கொட்டி, 'ஏதாவது பண்ணு'ம்பாங்க. அப்போ திருதிருன்னு முழிக்காம இருக்க, இப்பவே கொஞ்சம் கை பழகணும்.

ஸ்டார்ட் மியூசிக்!

* பரணை முதல்ல தேடுங்க. பழைய கட்டை, மெக்கானோ, சொப்பு எது கிடைச்சாலும் லாபம்.

* புதுசா வாங்கறதா இருந்தா சின்ன டப்பா போதும். மேலே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க. 2021 ஜனவரி முதல் குழந்தைகள் பொம்மைக்கு அது கட்டாயம்.

* தனியா வாங்க முடியலையா? விங்ல நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்துக் கட்டுங்க. அப்புறம் பிரிச்சுப்போட்டு, புத்தகத்தை ஒளிச்சு வெச்சுட்டு வேற ஒண்ணு கட்டுங்க.

* கட்டையே வேண்டாமா? தீப்பெட்டி, ஃபோம் ஷீட், களிமண். உங்க டிபார்ட்மென்ட் பில்டிங்கையோ அம்பாத்துரை ரயில்வே ஸ்டேஷனையோ செஞ்சு பாருங்க. தினம் பார்க்கிற இடத்துல எத்தனை ஜன்னல்னு தெரியாதது அப்போதான் உறைக்கும்.

* நவராத்திரிக்கு ஊருக்குப் போனா, பாட்டியோட 'பார்க்'கை இந்த வருஷம் உங்க பொறுப்புல எடுங்க. உலகத்தரமான டிசைனர் பக்கத்துலயே உட்கார்ந்து சொல்லித் தருவாங்க, ஃபீஸ் ஒரு கிண்ணம் சுண்டலைத் தின்னு தீர்க்கிறதுதான்!

களப்பிரர் காலத்தை 'இருண்ட காலம்'னு சொன்னது சரியில்லைன்னு பின்னாடி வந்த ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. இருட்டு அந்தக் காலத்துல இல்லை, நாம சரியா பார்க்கலைங்கிறது அவங்க வாதம். உங்க விஷயத்துலயும் அதேதான் மக்களே. கை அப்படியேதான் இருக்கு. வேலை கொடுத்துப் பாருங்க!