கோச் இல்லாத ஆறு சனிக்கிழமைகள்

ஈராண்டுகளுக்கு முன்பு எங்கள் காற்பந்துக் குழு ஆறு வாரம் விளையாடவில்லை. குழுவைத் தொடங்கி நடத்திவந்த பயிற்றுவிப்பாளருக்குத் திடீரென இதய அறுவை சிகிச்சை. முதல் சனிக்கிழமை மாலை திடலுக்கு வந்த பிள்ளைகள், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்கள்.

திடலை முன்பதிவு செய்யும் ஆக்டிவ்எஸ்ஜி கணக்கு அவருடையது. பெற்றோரின் தொலைபேசி எண்கள் அவரிடம் மட்டுமே இருந்தன. பந்துகளும் சீருடைகளும் அவர் ஓட்டும் டாக்சியில். யாருக்கு ஆஸ்துமா, யாரைக் கோல்காப்பாளராக நிறுத்தினால் அழுவான் என்பதெல்லாம் அவர் மனத்துக்குள். நான் அப்போது அவருடைய உதவியாளர். பெயரளவில்தான், கூம்புகளை அடுக்குவதும் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புவதுமே என் வேலை.

உடல் தேறியதும் தேக்கா நிலையத்துக்கு என்னை அழைத்தார். சர்க்கரை இல்லாத தே-ஓ ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். “எனக்கு ஏதாவது ஆகியிருந்தா குழுவும் அதோட முடிஞ்சிருக்கும் தம்பி. அடுத்த வருஷம் நீ எடுத்துக்கோ,” என்றார்.

“சரி கோச்,” என்றேன். என் பெயரைச் சொல்லியாகிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரு குழுக்கள், இரு முடிவுகள்

மெல்பர்னில் வசிக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். “கோலிங்வுட் கதையைப் படி,” என்றான்.

கோலிங்வுட், ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் புகழ்பெற்ற குழு. நீள்வட்டத் திடலில், நீள்வட்டப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்கு 18 பேர் ஆடும் ஆட்டம் அது. 2009ல் அக்குழு ஒரு திட்டத்தை அறிவித்தது. மிக் மால்ட்ஹவுஸ் 2011 வரை தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருப்பார். பிறகு குழுவின் முன்னாள் தலைவர் நேதன் பக்லி பொறுப்பேற்பார். மால்ட்ஹவுஸ் வேறொரு மேற்பார்வைப் பொறுப்புக்கு மாறுவார்.

தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் 2010ல் மால்ட்ஹவுஸ் கிண்ணத்தை வென்றுவிட்டார். மறு ஆண்டும் இறுதியாட்டம் வரை குழுவைக் கொண்டுசென்றார். வெற்றியின் உச்சத்தில் இருந்தவர் குறித்த தேதியில் பதவியை விட வேண்டியிருந்தது. புதிய பொறுப்பை அவர் ஏற்கவில்லை, குழுவைவிட்டே போய்விட்டார். பக்லி 2021 வரை பயிற்றுவித்தார். 2018 இறுதியாட்டத்தில் வெறும் 5 புள்ளிகளில் தோற்றார். கிண்ணம் அவர் கைக்கு எட்டவே இல்லை.

அதே காலத்தில் சிட்னி ஸ்வான்ஸ் குழுவிலும் பொறுப்பு கைமாறியது. 2005ல் அக்குழுவுக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு கிண்ணம் வென்று தந்த பால் ரூஸ், 2010 பருவத்தோடு விலகினார். அவருக்குக் கீழ் பல ஆண்டுகள் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்த ஜான் லாங்மயர் அடுத்து வருவார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. 2012ல் லாங்மயர் கிண்ணம் வென்றார். 2024 நவம்பரில் அவர் விலகியபோதும் துணைப் பயிற்றுவிப்பாளரான டீன் காக்ஸ்தான் பொறுப்பேற்றார். காக்ஸின் முதல் பருவத்தில் குழு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதிபெறவில்லை. கைமாற்றம் ஒழுங்காக நடந்தாலும் வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் அது காட்டியது.

இரு குழுக்களிடமும் திட்டம் இருந்தது. ஒன்றில் பொறுப்பை ஒப்படைப்பவரின் மனம் அதற்குத் தயாராக இல்லை, மற்றதில் இருந்தது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நம் ஊர்ப் பாடம்

சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழுவில் 2016க்குப் பிறகு அடிக்கடி பயிற்றுவிப்பாளர்கள் மாறினார்கள். பெர்ன்ட் ஸ்டாங்கேயை அடுத்து நம்மவர் வி. சுந்தரமூர்த்தி வந்தார். 2013ல் லயன்ஸ்XII குழுவை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கியவர் அவர். பிறகு ஃபாண்டி அகமது, யோஷிடா, நிஷிகாயா, ஓகுரா.

2025 ஜூனில் ஓகுரா விலகியதும் இடைக்காலப் பொறுப்பேற்றவர், அவருடைய பயிற்றுவிப்புக் குழுவிலேயே இருந்த கேவின் லீ. அப்போது அவருக்கு வயது 34. தெம்பனிஸ் ரோவர்சில் துணைப் பயிற்றுவிப்பாளராக இருந்து, 30 வயதாவதற்கு முன்பே தலைமைப் பயிற்றுவிப்பாளராக உயர்ந்தவர். நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை 2-1 என வீழ்த்தி, சிங்கப்பூர் 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றது. 1984ல் ஏற்று நடத்தும் நாடாக நாம் அப்போட்டியில் ஆடியிருக்கிறோம். தகுதிச் சுற்றில் வென்று நுழைந்தது இதுவே முதல்முறை. அதன் பிறகு அவர் நிரந்தரப் பயிற்றுவிப்பாளரானார்.

அந்த இரவு எனக்கு ஒன்று உறைத்தது. வாய்ப்பு வந்த நாளில் அவர் புதியவர் அல்லர். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, முடிவெடுக்கும் வேலையைச் செய்து பழகியிருந்தார்.

வாயைத் திறக்காத கோச்

எங்கள் கோச்சுக்கு இது எப்போதோ புரிந்திருந்தது. தேக்காவில் பேசிய மறு மாதமே, ஒரு நட்புமுறை ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். நான் இருப்பதிலேயே வேகமான பையனைத் தற்காப்பில் நிறுத்தினேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியை எடுத்துக்கொண்டு திடலின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். 4-0 எனத் தோற்றோம்.

ஆட்டம் முடிந்து சில பெற்றோர் அவரிடம் முறையிடச் சென்றார்கள். “தம்பிகிட்ட பேசுங்க,” என்று என் பக்கம் கைகாட்டினார். அன்று நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பெற்றோர் என்னிடம்தான் பேசினார்கள்.

பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நம் இணைப்பாட நடவடிக்கைக் குழுக்கள், தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் இதைச் சந்திக்கின்றன. தேர்தல் நடக்கிறது, புதிய தலைவர் வருகிறார். பழைய தலைவரோ கடவுச்சொல்லைக்கூட ஒப்படைக்காமல் போய்விடுகிறார். அல்லது போகாமலேயே இருந்து ஒவ்வொரு முடிவிலும் தலையிடுகிறார். இரண்டும் குழுவுக்குக் கேடு. பொறுப்பில் இருக்கும்போதே ஒரு நிகழ்ச்சியை முழுதாக அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தடுமாறும்போது பொறுத்துக்கொள்வதுதான் கடினம்.

இப்போது குழு என் பொறுப்பில். எனக்கு உதவியாளர்கள் இருவர், ஒருவர் போதாது. அவர்களில் ஒருவன் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறான். மற்றவள் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. மருத்துவக் குறிப்புகளும் தொலைபேசி எண்களும் இப்போது எங்கள் மூவரிடமும் உள்ளன.

சென்ற சனிக்கிழமை ஆட்டக்காரர்களை அவள் தேர்ந்தெடுத்தாள். எங்கள் கோல்காப்பாளரை முன்வரிசையில் நிறுத்தியிருந்தாள். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். அங்கே கோச் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நாற்காலியைச் சற்று நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.