ஏட்டுக்குள் காய்ந்த பூவுக்குப் பெயர் காண்பது

பழைய புத்தகத்தின் நடுவிலோ மடித்த கடிதத்துக்குள்ளோ தட்டையாகக் காய்ந்து கிடக்கும் பூவில் முதலில் மாறிப்போவது நிறம். செம்பருத்தியின் சிவப்பு காய்ந்ததும் கருநீலம் கலந்த ஊதாவாகிவிடும். மல்லிகையின் வெள்ளை சில நாட்களிலேயே பழுப்பாகும். சிவப்பு, நீலம், ஊதா நிறங்களைத் தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி வெளிச்சம், ஈரம், அமிலத்தன்மை ஆகிய எதனாலும் எளிதில் மாறக்கூடியது. மஞ்சளும் ஆரஞ்சும் தரும் கரோட்டினாய்டுகள் பெரும்பாலும் இன்னும் சற்றுக் காலம் தாங்கும். பூவரசம்பூவோ காய்வதற்கு முன்பே நிறம் மாறிவிடுகிறது. மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது செம்மையேறி உதிரும். பாட்டி ‘மஞ்சள் பூ’ என்று சொல்லி வைத்ததும், இன்று ஏட்டில் இருக்கும் கருஞ்சிவப்புப் பூவும் ஒரே பூவாகவே இருக்கலாம்.

நிறம் போனாலும் பூவின் அமைப்பு போவதில்லை. தாவரவியலாளர்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து செடிகளை அழுத்திக் காயவைத்து ஆராய்ந்து வருவது இந்த நம்பிக்கையில்தான். இதழ்கள் எத்தனை, அவை தனித்தனியா அல்லது அடியில் ஒட்டிக் குழலாகியிருக்கின்றனவா, மகரந்தத்தாள்கள் எத்தனை, சூற்பை இதழ்களுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பூவின் குடும்பம் தெரிந்துவிடும். செங்காந்தளைப் போல மூன்று, ஆறு என்று உறுப்புகள் அமைந்திருந்தால், பெரும்பாலும் அது ஒருவித்திலைத் தாவரம். நான்கும் ஐந்தும் இருவித்திலைத் தாவரங்களின் கணக்கு. பூவோடு ஓர் இலையும் ஒட்டியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம். பூவை மட்டும் பார்த்தால் குழப்பும் மல்லிகை இனங்களை இலை பிரித்துக் காட்டிவிடும். குண்டுமல்லிக்குத் தனியிலை, ஜாதிமல்லிக்குச் சிறகு போல் பிரிந்த கூட்டிலை. முல்லையில் ஒரு பெரிய சிற்றிலையும், அதன் அடியில் காதுமடல் போல இரண்டு மிகச் சிறிய சிற்றிலைகளும் இருக்கும்.

பூவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது கிடந்த பக்கத்தை அப்படியே, பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். பக்க எண், புத்தகம் அச்சான ஆண்டு, முதல் பக்கத்தில் எழுதிய பெயர், பூவைச் சுற்றியிருந்த செய்தித்தாள் துண்டின் தேதி எல்லாமே சாட்சிகள். காகிதத்தில் படிந்த பழுப்புக் கறையையும் விடக்கூடாது. பூ நொறுங்கியிருந்தாலும் அதன் முழு உருவம் அந்தக் கறையில் பதிந்திருக்கக்கூடும். பிறகுதான் ஒரு மெல்லிய காகிதத்தை அடியில் நுழைத்து மெதுவாகத் தூக்கி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

மகிழம்பூ இதற்கு நல்ல உதாரணம். வாசனை காய்ந்த பின்னும் நெடுநாள் நிற்கும் என்பதால் பெட்டிக்குள்ளும் ஏட்டுக்குள்ளும் அதைப் போட்டு வைப்பார்கள். வெறும் கண்ணுக்கு அது பழுப்பு நிறச் சிறு சக்கரம். லென்ஸின் கீழ், குறுகிய இதழ்க் கதிர்கள் இருபத்து நான்கு தெரியும். உண்மையில் இதழ்கள் எட்டுதான். ஒவ்வோர் இதழின் முதுகிலும் இதழ் போன்ற இரண்டு துணை உறுப்புகள் இருப்பதால் எண்ணிக்கை மூன்று மடங்காகத் தெரிகிறது. உள்ளே எட்டு மகரந்தத்தாள்களும், அவற்றுக்கிடையே மகரந்தம் இல்லாத எட்டு மலட்டுத்தாள்களும் இருக்கும். நடுவில் ஒரு துளை. பூ உதிரும்போது புல்லிவட்டமும் சூலகமும் மரத்திலேயே தங்கிவிடுவதால் உண்டான துளை அது. சிறுவர்கள் நூலோ ஈர்க்கோ கோப்பது அதில்தான். ஏட்டில் இருக்கும் மகிழம்பூவில் சூற்பையைத் தேடிக் களைத்துப் போக வேண்டியதில்லை. அது பறித்த பூவல்ல, பொறுக்கிய பூ.

பவழமல்லியும் இப்படியே முழுதாக உதிரும். காய்ந்த மல்லிகையோடு அதைக் குழப்பிக்கொள்பவர்கள் குழலைப் பார்த்தால் போதும். வெள்ளை இதழ்கள் பழுப்பாகிவிட்டாலும் ஆரஞ்சுக் குழல் பெரும்பாலும் நிறத்தை விடாது. முன்பு பட்டுக்குச் சாயமேற்றப் பயன்பட்ட நிறமி அது. பவழமல்லியின் இதழ் நுனியில் பிளவும் இருக்கும்; மல்லிகையில் இருக்காது.

சில பூக்கள் தங்கள் காலத்தையும் சொல்லும். பழனி மலையிலோ நீலகிரியிலோ மூணாற்றிலோ பறித்து வந்த நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூப்பது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 1970, 1982, 1994, 2006, 2018 என்று அந்த வரிசை வரும். புத்தகம் 1975இல் அச்சானது, அதை வைத்திருந்தவர் 1990இல் காலமானார் என்றால், பூ 1982ஐச் சேர்ந்தது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் சில திட்டுகள் இடைப்பட்ட ஆண்டுகளிலும் பூப்பதுண்டு. குறிஞ்சியின் உறவு இனங்களுக்கோ வேறு வேறு கணக்கு. ஆகவே இனத்தை உறுதி செய்த பிறகே ஆண்டைக் கணக்கிட வேண்டும்.

பூ உள்ளூர்ப் பூவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே எருசலேமில், ஒலிவ மர அட்டை போட்டு, காய்ந்த பூக்களை ஒட்டிய சிறு ஆல்பங்கள் யாத்திரிகர்களுக்கு விற்கப்பட்டன. பழைய பைபிளுக்குள் கிடைக்கும் பூ அத்தகைய ஓர் ஆல்பத்திலிருந்தும் வந்திருக்கலாம்.

எல்லாப் பூவுக்கும் இனப்பெயர் வரை போக முடியாது. அடுக்குப் பூக்களில் மகரந்தத்தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால் எண்ணிக்கை உதவாது. கலப்பின ரோஜாவின் ஒற்றை இதழை வைத்து அதன் ரகத்தைச் சொல்ல இயலாது. அங்கே ‘ரோஜா’ என்பதோடு நிற்பதே நேர்மை. ஓரளவு ஊகம் இருந்தால் அதைச் சோதிக்க நல்ல வழி, சந்தேகப்படும் பூவைப் புதிதாகப் பறித்து, செய்தித்தாள் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, தினமும் தாளை மாற்றி ஒரு வாரம் காயவைத்து ஒப்பிடுவது. உயிருள்ள பூவின் படத்தைவிட இது பல மடங்கு நம்பகமானது. ஆய்வகங்களில் காய்ந்த பூவைச் சுடுநீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். நினைவாக இருப்பது ஒரே பூ என்றால் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. உதிர்ந்த துணுக்கு இருந்தால் அது போதும்.

இதற்கும் மேல் உதவி வேண்டுமென்றால், கோவையில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியத்திலும் தென்னிந்தியச் செடிகளின் காய்ந்த மாதிரிகள் பெரும் தொகுப்பாக உள்ளன. பூவை அனுப்புவதைவிட, அதன் தெளிவான படங்களை முதலில் அனுப்புவது நல்லது. வீட்டில் கிடைத்தது, கல்லூரியில் தாவரவியல் படித்த ஒருவர் தாளில் ஒட்டிய பழைய மாதிரி என்றால் அதை முகர்ந்து பார்க்கக் கூடாது. பூச்சி அரிக்காமலிருக்க அந்நாளில் மாதிரிகளுக்குப் பாதரசச் சேர்மம் பூசும் வழக்கம் இருந்தது.

பெயர் தெரிந்த பின் பூவை லேமினேட் செய்வதோ செல்லோடேப் ஒட்டுவதோ அதைக் கெடுக்கும். அமிலமில்லாத காகித உறையில், ஈரமும் வெயிலும் படாமல் வைக்க வேண்டும். பூ எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தில் கிடைத்தது, யாருடையது, எதைப் பார்த்து இந்தப் பெயருக்கு வந்தோம் என்பதைப் பூவை உள்ளே வைப்பதற்கு முன்பே உறையின் மேல் பென்சிலால் எழுதிவிட வேண்டும்.