குப்பத்துக்கு வராத சேதி

2017 ஜனவரி 28, அதிகாலை சுமார் 4 மணி. சென்னைக்கு வடக்கே, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றது, பெட்ரோலியப் பொருள்களோடு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்'. யாருக்கும் காயமில்லை, கடலுக்கும் பாதிப்பில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை.

அருகிலுள்ள எர்ணாவூர் கரையிலோ கறுப்பு எண்ணெய் ஒதுங்கத் தொடங்கியது.

அங்கே பாரதியார் நகரில், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு நடுவே, கப்பலின் எரிபொருளான கனத்த எண்ணெய் திரண்டு நின்றது. அதன் குணம் தெரிந்தால்தான் அந்த முதல் அறிக்கையின் கேடு புரியும். அலையில் அடிபட அடிபட அது கடல்நீரோடு குழம்பாகி, பல மடங்கு ஊதும். புதிதாகக் கிடக்கும்போது மிதவைத் தடுப்பு போட்டு வளைக்கலாம், உறிஞ்சலாம். இறுகிவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். எர்ணாவூரில் உறிஞ்சு லாரிகள் திணற, மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல்படையினரும் வாளி வாளியாகக் கையால் அள்ளினார்கள். தொடக்கத்தில் பேசப்பட்ட கசிவு சுமார் 20 டன். அள்ளிய குழம்போ 100 டன்னைத் தாண்டியது. அதில் நீரும் மணலும் சேர்ந்திருந்தது உண்மைதான். ஆனாலும் கசிந்த எண்ணெயே 200 டன்னுக்கு மேல் என்று பின்னாளில் கணக்காயிற்று. இருபதுக்குத் தேவைப்படும் ஆளும் கையுறையும் இருநூறுக்கு எப்படிப் போதும்?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் தேங்கியது. எண்ணெய் படாத ஆழ்கடலில் பிடித்ததையும் வாங்க ஆளில்லை. எது நல்ல மீன் என்று நம்பிக் கேட்க இடமில்லாததால் சனங்கள் எல்லா மீனையும் ஒதுக்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. தெரிந்த அளவுக்கு அது நியாயமான முடிவுதான்.

2023 டிசம்பர் 26 இரவு, அதே எண்ணூரில் பெரியகுப்பம். உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை அருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறகு சொன்னது. வரம்பு 400. அமோனியா தண்ணீரில் சட்டெனக் கரையும். ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றுக்குக் குறுக்காக விலகினால் பாதிப்பு குறையும். வீசும் காற்று வாடையா கொண்டலா என்பதை முகத்தில் பட்டதுமே சொல்லிவிடுகிறவர்கள் குப்பத்து மக்கள். என்ன வாயு, எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு சேதி கிடைத்திருந்தால் மீதியை அவர்களே தீர்மானித்திருப்பார்கள்.

2004 சுனாமி அன்று, புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவக் கிராமத்துக்கு அப்படியொரு சேதி வந்தது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, அதை ஊர் முழுக்கச் சொன்னது. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் கரையை விட்டு விலகினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஊர்மக்கள் தப்பினார்கள்.