மூச்சு முதலில் தடுமாறுவது தூக்கத்தில்

"ராத்திரி எத்தன தலகாணி வெச்சுப் படுக்கறாரு?"

நரம்பியல் மருத்துவர் இதைக் கேட்பது பெரும்பாலும் நோயாளியிடம் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம்.

"முன்ன ஒண்ணுதான் டாக்டர். இப்ப மூணு. அதுவும் பத்தாம நாற்காலியிலயே சாஞ்சு தூங்கறாரு."

"காலையில எழுந்ததும் தலவலின்னு சொல்றாரா?"

"ஆமா டாக்டர். ஒரு மணி நேரத்துல போயிடும். பித்தம்னு நெனச்சேன்."

மோட்டார் நியூரான் நோய் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு கொஞ்சம் முன்பின்னாக இப்படித்தான் போகும். கை சூம்புகிறது, கால் தடுக்குகிறது என்று வந்தவரிடம் தலையணைக் கணக்குக் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்த நோயில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது கையும் காலும் அல்ல, மூச்சு. அந்த மூச்சு முதலில் தடுமாறுவது பகலில் அல்ல, இரவில்.

மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்துகொண்டு தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிவதுதான் நோய். கட்டளை வராத தசை மெலிந்துபோகும். 1869இல் பாரீஸின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஷார்கோ இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அவர் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர்.

நம் பக்கத்துக்கென்று இந்த நோயில் ஒரு தனி வகையும் உண்டு. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள், முப்பது வயதுக்குள்ளேயே நோய் வரும் ஒரு கூட்டத்தைப் பற்றி எழுதினார்கள். கைகால் மெலிவோடு முகத் தசையும் தளரும், விழுங்கச் சிரமமாகும், காதும் மந்தமாகும். உலக மருத்துவ நூல்களில் இதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். பெங்களூரு நிம்ஹான்ஸ் 36 ஆண்டுகளில் பார்த்த இத்தகைய 116 பேரின் விவரத்தை 2008இல் வெளியிட்டது. இந்த வகை மெதுவாகப் போவது. பலர் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். பரவலாகக் காணும் ஏ.எல்.எஸ். என்ற வகை அப்படியல்ல. நிம்ஹான்ஸ் பார்த்த 1,153 ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்கு நோய் தொடங்கிய சராசரி வயது 46. மேலை நாடுகளைவிட இது பத்தாண்டுக்கு மேல் முந்தியது. வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிற வயது.

இனி தூக்கத்துக்கு வருவோம். மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துக்கு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் குடை போன்ற அந்தத் தசைக்குக் கட்டளை வருவது கழுத்துத் தண்டுவடத்திலிருந்து. அங்குள்ள நரம்பணுக்கள் மடியத் தொடங்கினால் உதரவிதானம் தளரும். பகலில் இது தெரியாது. கழுத்துத் தசைகளும் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகளும் கைகொடுத்துச் சமாளித்துவிடும். படுத்ததும் முதல் சிக்கல்: வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் மேலேறி, தளர்ந்த உதரவிதானத்தை அழுத்தும். அதனால்தான் தலையணை ஒன்று மூன்றாகிறது.

இரண்டாவது சிக்கல் கனவு காணும் தூக்கத்தில் வருகிறது. எழுந்து ஓடிக் கனவை நடித்துவிடாதபடி அப்போது மூளை உடம்பின் தசைகளையெல்லாம் கட்டிப்போட்டுவிடுகிறது. விதிவிலக்கு கண்தசைகளும் உதரவிதானமும். கைகொடுத்து வந்த தசைகள் ஓய்ந்துவிட, தளர்ந்த உதரவிதானம் தனியாக மாட்டிக்கொள்கிறது. மூச்சு ஆழமிழந்து, கரியமிலவாயு ரத்தத்தில் தேங்குகிறது. அது மூளையின் ரத்தக் குழாய்களை விரியவைக்கும், தலைவலி அதனால்தான். கனவுத் தூக்கம் விடியலை ஒட்டித்தான் அதிகம் என்பதால் தலைவலியும் காலையில்தான்.

உடம்பு இதிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேடுகிறது: கனவுத் தூக்கத்தையே குறைத்துக்கொள்கிறது. ஷார்கோ பணியாற்றிய அதே பாரீஸ் மருத்துவமனையில் நடந்து 2000இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதைக் காட்டியது. உதரவிதானம் நன்றாக இருந்த ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குத் தூக்கத்தில் 18 சதவீதம் கனவுத் தூக்கம். தளர்ந்தவர்களுக்கு வெறும் 7. முன்னவர்களின் இடைநிலை ஆயுள் அதன் பின் 619 நாள், பின்னவர்களுக்கு 217.

நள்ளிரவில் பலமுறை விழிப்பு, கெட்ட கனவு, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், பசியின்மை, எதிலும் மனம் நிற்காமை என்றுதான் இது வெளியே தெரியும். "மூச்சு வாங்குது" என்று நோயாளி பெரும்பாலும் சொல்ல மாட்டார். நடமாட்டம் குறைந்தவருக்கு மூச்சு வாங்க வாய்ப்பேது? மனச்சோர்வு என்று நினைத்துத் தூக்க மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அது மூச்சை இன்னும் அமுக்கும். வீட்டில் ஒன்று கவனிக்கலாம். அவர் மல்லாந்து தூங்கும்போது வயிற்றைப் பாருங்கள். மூச்சை இழுக்கையில் வயிறு மேலெழ வேண்டும். நெஞ்சு எழும்போது வயிறு உள்ளே போனால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இப்போதும் பல வீடுகளில் இருக்கிறது. பகலில் அது 97 காட்டிவிட்டால் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, சாக்கடை அடைத்திருப்பதைப் பார்க்காமல் விடுவது போன்றது அது. உள்ளே வரும் ஆக்சிஜனைத்தான் அந்தக் கருவி அளக்கும். வெளியேறாத கரியமிலவாயுவை அல்ல. இதைவிட ஆபத்தானது, அளவு குறைந்ததும் வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து வந்து மாட்டிவிடுவது. தேங்கிய கரியமிலவாயுவுக்குப் பழகிப்போன மூளையை, ஆக்சிஜன் குறைவுதான் மூச்சு விடச் சொல்லித் தூண்டிக்கொண்டிருக்கும். அந்தத் தூண்டுதலும் போனால் நோயாளி மயக்கத்துக்கே போய்விடலாம். இவருக்குத் தேவை ஆக்சிஜன் அல்ல, காற்றைத் தள்ளித் தரும் கை.

அந்தக் கைதான் பைபாப். இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று மாஸ்க் வழியே காற்றைத் தரும் சிறு கருவி. குறட்டைக்காரர்களுக்குத் தரும் சிபாப் இதற்கு உதவாது. அதில் அழுத்தம் ஒன்றேதான். கடைக்காரர் பேச்சைக் கேட்டு அதை வாங்கிவிட வேண்டாம். இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், பேச்சும் விழுங்குதலும் ஓரளவு சரியாக இருந்தவர்களுக்குப் பைபாப் 205 நாள் கூடுதல் ஆயுளைத் தந்தது. இந்த நோய்க்கான ரிலுசோல் மாத்திரை தருவது இரண்டு மூன்று மாதம்தான். தொண்டை மிகவும் தளர்ந்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை, ஆனால் தூக்கம் மேம்பட்டது. உதரவிதானத்துக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவியையும் பிரிட்டனில் சோதித்தார்கள். கருவி வைக்கப்பட்டவர்கள் 11 மாதமும் வைக்காதவர்கள் 22.5 மாதமும் வாழ்ந்ததாக 2015இல் முடிவு வந்தது. புதிய கருவி என்றதும் ஓட வேண்டியதில்லை.

"மூக்குல மெஷின் மாட்டிட்டா அப்புறம் அவ்ளோதான்" என்று அஞ்சிப் பல குடும்பங்கள் பைபாப்பைத் தள்ளிப்போடுகின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய் செருகுவதும் இதுவும் ஒன்றல்ல. வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். முதல் வாரம் தொல்லைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் மாஸ்க் வியர்க்கும், மூக்குத்தண்டு சிவக்கும், ஓரத்தில் காற்றுக் கசிந்து கண்ணில் அடிக்கும். பகலில் டிவி பார்த்தபடி அரை மணி நேரம் மாட்டிப் பழகிவிட்டு இரவுக்குக் கொண்டுபோவது நல்ல வழி. அவசரத்தில் மாட்டினால் யாருக்கும் பழகாது.

புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரர்களுக்குக் கோரிமேடு ஜிப்மரும் கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்க வேண்டியது: மூச்சளவுப் பரிசோதனையை உட்கார்ந்தும் படுத்தும் செய்ய வேண்டும்; இரவு முழுக்க ஆக்சிஜன் அளவைப் பதிய வேண்டும்; தேவையென்றால் ரத்த வாயுப் பரிசோதனை. படுத்தால் மூச்சளவு கால் பங்குக்கு மேல் குறைந்தால் உதரவிதானத்தில்தான் கோளாறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்ப்பது வழக்கம்.

கருவி வந்தபின் மின்சாரம் ஒரு கவலை. 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பின் புதுச்சேரியில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோதும் ஊர் இருண்டது. பைபாப்பில் உள்ள ஈரப்பதச் சூடேற்றியை அணைத்துவிட்டால் அது இழுக்கும் மின்சாரம் குறைவுதான். நல்ல பேட்டரி உள்ள இன்வெர்ட்டரில் ஓர் இரவு தள்ளிவிடலாம். இரண்டாம் இரவுக்கு என்ன செய்வது? மூச்சுக் கருவியோடு வாழ்பவர்களின் வீட்டு முகவரிகள் மின்துறையின் ஒவ்வொரு பகுதி அலுவலகத்திலும் ஒரு பட்டியலாக இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஜெனரேட்டரோ ஆம்புலன்ஸோ முதலில் அந்த வீடுகளுக்குப் போக வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் புதுச்சேரி அரசு இதைச் செய்ய வேண்டும்.