கூடத்துத் தொட்டியும் எலுமிச்சைத் தோட்டமும்

மேனாட்டார் தொட்டியில் வைத்துக் கத்தரித்து, பந்து போலவும் கூம்பு போலவும் அழகுபடுத்தும் செடிகளுள் முதன்மையானது பாக்ஸ்வுட். தாவர நூலார் இதனைப் பக்ஸஸ் செம்பர்வைரன்ஸ் என்பர். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத சிறிய இலைகளும் மெதுவான வளர்ச்சியும் உடையது. இதன் மரம் நீரில் அமிழும் அளவு கனமானது; ஒரு காலத்தில் அச்சுக்குரிய படங்களைச் செதுக்க அதுவே சிறந்த கட்டையாக விளங்கிற்று. இதன் உறவினமாகிய பக்ஸஸ் வாலிச்சியானா நம் நாட்டில் மேற்கு இமயமலைச் சரிவுகளில் வளர்கிறது.

இச்செடியைச் சித்தூரிலும் திருப்பதியிலும் வீட்டினுள் வளர்க்க இயலுமா? குளிர்காலத்தில் நல்ல குளிரையும், கோடையில் மிதமான வெயிலையும் நாடுவது இதன் இயல்பு. திருப்பதியிலோ கோடை வெப்பம் 40 டிகிரி செல்ஷியசைத் தாண்டும். மூடிய அறையின் புழுக்கத்தில் சிலந்திப் பேன் பற்றும். நீர் சற்று மிகுந்தாலும் வேர் அழுகும். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஹார்ஸ்லி மலை ஏறத்தாழ 1,265 மீட்டர் உயரமுள்ளது. அத்தகைய குளிர்ந்த இடங்களில் முயன்று பார்க்கலாம். சமவெளிக்கு இது ஏற்றதன்று. மேலும் இதன் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை. ஆடுமாடுகளும் குழந்தைகளும் வாயில் வைக்காதவாறு காத்தல் வேண்டும்.

சமவெளிக்கு ஏற்ற மாற்று ஒன்று உண்டு. அது முர்ரயா பேனிகுலேட்டா என்னும் காட்டுக் கறிவேப்பிலை. நாற்றுப்பண்ணைகளில் இதனைக் காமினி என்பர். ஆங்கிலத்தில் இதற்குச் ‘சீன பாக்ஸ்’ என்ற பெயரும் உண்டு. பளபளப்பான இலை, மணமுள்ள வெண்மலர், சிவந்த சிறு கனி ஆகியன இதன் சிறப்புகள். கத்தரிப்பையும் நன்கு தாங்கும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு எனக் கலந்து, அடியில் துளையுள்ள மண் தொட்டியில் நடலாம். கிழக்குச் சன்னலருகே வைத்தல் நன்று. இருண்ட மூலையில் பூக்காது. மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றினால் போதும்.

ஆயினும், இச்செடி எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மறத்தலாகாது. டயபோரினா சிட்ரி என்னும் சைலிட் பூச்சி இதில் நன்கு பெருகும். எலுமிச்சை, சாத்துக்குடி மரங்களை அழிக்கும் கிரீனிங் நோயைப் பரப்புவது இப்பூச்சியே. இவ்வுண்மை நம் நாட்டு ஆய்வாளர்களால் 1967-இல் வெளியிடப்பட்டது. நோயுற்ற மரத்தின் இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகும்; காய்கள் சிறுத்துக் கோணலாகி, அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நிற்கும். நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் இப்பூச்சி 1998-இலும், நோய் 2005-இலும் காணப்பட்டன. கடைகளில் விற்பனையான காமினித் தொட்டிகள் வாயிலாகவும் பூச்சி ஊர் ஊராகப் பரவிற்று. கூடூர், வெங்கடகிரி எலுமிச்சைத் தோட்டங்களும் ரயில்வே கோடூர்ச் சாத்துக்குடித் தோட்டங்களும் திருப்பதிக்குத் தொலைவில் இல்லை.

இப்பூச்சி இளந்தளிரில் மட்டுமே முட்டையிடும். அழகுக்காக அடிக்கடி கத்தரித்தால் அடிக்கடி தளிர் விடும். பூச்சிக்கு அதுவே தொட்டிலாகிறது. ஆகவே ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை கத்தரிப்பதே போதும். புதிதாக வாங்கிய செடியை இரண்டு வாரம் தனியே வைத்துத் தளிர்களைச் சோதித்தல் நன்று. மஞ்சள் நிற முட்டைகளோ, மெழுகு இழை கக்கும் குஞ்சுகளோ, வாலை உயர்த்தி அமர்ந்த 3 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள பழுப்புப் பூச்சிகளோ தென்பட்டால், அத்தளிர்களைக் கிள்ளி எரித்துவிட வேண்டும். நகரத்துத் தொட்டிகளைத் தோட்டங்கள் உள்ள கிராமங்களுக்குக் கொண்டு செல்லாதிருக்குமாறு கள ஊழியர்கள் மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

கறிவேப்பிலையிலும் இப்பூச்சி வாழும். ஆதலின் பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலைத் தளிரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் காணும்படி ஆசிரியர்கள் மாணவரைப் பழக்கலாம். அங்கு கண்டறியப் பழகிய மாணவன் தன் வீட்டு எலுமிச்சை மரத்திலும் கண்டறிவான்.