ஒரு ஜோடி ஷூ... இரண்டு குழந்தைகள்!



சினிமா என்றால் உங்களுக்குக் கொள்ளை ஆசை என்பது எனக்குத் தெரியும். கதாநாயகன் ஒரே குத்தில் பத்துப் பேரைப் பறக்க விடுவார், கார் ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தாவும், பேய் வரும், பொம்மை பேசும், தியேட்டரில் விசில் பறக்கும். எல்லாம் வேண்டியதுதான். விடுமுறை நாளில் வாய் விட்டுச் சிரிக்க யாருக்குத்தான் பிடிக்காது?

இன்று நான் சொல்லப் போகும் படத்தில் சண்டை கிடையாது. வில்லனும் கிடையாது. ஒரு சிறுமியின் பழைய ஷூ தொலைந்து போகிறது. அவ்வளவுதான் கதை!

'ப்பூ... இதெல்லாம் ஒரு கதையா?' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இந்தப் படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. ஈரான் நாட்டுப் படம் ஒன்று அந்தப் பட்டியலில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. இந்தியில் 2010லும், தமிழில், 'அக்கா குருவி' என்ற பெயரில் 2022லும் இதே கதையைத் திரும்ப எடுத்தனர். 

படத்தின் பெயர், 'சில்ட்ரன் ஆப் ஹெவன்'. வானத்துக் குழந்தைகள் என்று பொருள் கொள்ளலாம். மஜித் மஜிதி என்பவர் இயக்கி, 1997ல் வெளிவந்தது. 

தொலைந்தது எப்படி?

ஈரானின் தலைநகரம் டெஹ்ரான். அங்கே ஓர் ஏழைக் குடும்பம். அண்ணன் பெயர் அலி. தங்கை ஸாரா. அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை. அப்பாவுக்குச் சொற்ப வருமானம். வீட்டு வாடகை பல மாத பாக்கி.

தங்கையின் கிழிந்த ஷூவைத் தைத்து வாங்கிக்கொண்டு வருகிறான் அலி. வழியில் உருளைக்கிழங்கு வாங்கக் கடையில் நிற்கிறான். ஷூ இருந்த பையைக் கடை வாசலில், கூடைகளுக்கு இடையே வைக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பழைய சாமான் பொறுக்குபவர் வருகிறார். குப்பை என்று நினைத்துப் பையை எடுத்துப் போய்விடுகிறார். 

அலி தேடுகிறான், தேடுகிறான்... கிடைக்கவே இல்லை!

நாளைக்கு ஸாரா எதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவாள்? அப்பாவிடம் சொன்னால் திட்டு விழும். அதுகூடப் பரவாயில்லை. புது ஷூ வாங்க அப்பாவிடம் பணம் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

இந்த இடத்தில் ஓர் அருமையான காட்சி. இரவு, வீட்டில் இருப்பதோ ஒரே அறை. அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருக்கின்றனர். வாய் திறந்து பேச முடியாது. பிள்ளைகள் என்ன செய்கின்றனர் தெரியுமா? வீட்டுப்பாடம் எழுதுவது போல நோட்டில் எழுதி, எழுதி, ஒருவருக்கொருவர் காட்டிப் பேசிக்கொள்கின்றனர். கோபத்தில் இருக்கும் தங்கைக்குத் தன்னிடம் இருந்த பென்சிலைக் கொடுத்துச் சமாதானம் செய்கிறான் அண்ணன். 

கடைசியில் ஓர் உடன்பாடு. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி. ஆண் பிள்ளைகளுக்கு மதியம். காலையில் அண்ணனின் ஷூவை ஸாரா போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி விட்டதும் ஓடி வர வேண்டும். சந்தில் காத்திருக்கும் அலி, அதை வாங்கி மாட்டிக்கொண்டு தன் பள்ளிக்கு ஓட வேண்டும். ஒரு ஜோடி ஷூ, நான்கு கால்கள்!

தலைமை ஆசிரியர் கண்டது என்ன?

ஸாரா எவ்வளவுதான் மூச்சு வாங்க ஓடி வந்தாலும், அலிக்கு நேரமாகிவிடுகிறது. அண்ணனின் ஷூ அவளுக்குத் தொளதொளவென்று பெரிது. ஒரு நாள் அது காலிலிருந்து நழுவி, தெருவோர வாய்க்காலில் விழுந்து, தண்ணீரோடு போயே போய்விடுகிறது. அதைத் துரத்திக்கொண்டு அவள் ஓடும்போது நமக்கே படபடவென்று அடித்துக்கொள்ளும்.

பள்ளி வாசலில் தலைமை ஆசிரியர் நிற்கிறார். தாமதமாக வரும் அலியைப் பிடித்துவிடுகிறார். ஒரு முறை, இரண்டு முறை... மூன்றாவது முறை, 'போய் அப்பாவை அழைத்து வா' என்று திருப்பி அனுப்புகிறார். வகுப்பு ஆசிரியர் குறுக்கே வந்து, 'இவன் நன்றாகப் படிக்கிற பையன்' என்று பரிந்து பேசியதால் அன்று தப்பிக்கிறான்.

இப்போது யோசியுங்கள். அந்தத் தலைமை ஆசிரியர் கெட்டவரா? நிச்சயம் இல்லை. பள்ளி என்றால் ஒழுங்கு வேண்டும். அவர் தம் வேலையைத்தான் செய்கிறார். ஆனால், அவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டே இரண்டுதான்: மணி, தாமதமாக வந்த பையன். 

நமக்குத் தெரிவது எவ்வளவு! தைத்த ஷூ, உருளைக்கிழங்குக் கடை, வாய்க்கால், ஓடி வரும் தங்கை, உடம்பு முடியாத அம்மா, வாடகை பாக்கி... எல்லாம் தெரியும். அதனால்தான் நாம் அலி பக்கம் நிற்கிறோம். 'ஐயோ, அவனைத் திட்டாதீர்கள்' என்று நம் மனம் கத்துகிறது.

சினிமா செய்கிற பெரிய உதவி இதுதான், குழந்தைகளே! ஒருவர் வீட்டுக்குள் நம்மைக் கூட்டிப் போய், அவர் யாரிடமும் சொல்லாததை எல்லாம் காட்டிவிடுகிறது. நிஜ வாழ்க்கையில் அந்த வசதி நமக்குக் கிடையாது. அங்கே நாம் எல்லாரும் அந்தத் தலைமை ஆசிரியர் நிற்கும் இடத்தில்தான் நிற்கிறோம்.

ஷூ கிடைத்தது... ஆனால்!

ஒரு நாள் பள்ளியில் இன்னொரு சிறுமியின் காலில் தன் ஷூவைப் பார்த்துவிடுகிறாள் ஸாரா. அவள் பெயர் ரோயா. அண்ணனும் தங்கையும் ரோயாவின் வீடு வரை மறைந்து மறைந்து போகின்றனர். எப்படியும் கேட்டு வாங்கிவிடுவது என்பது திட்டம்.

வீட்டிலிருந்து ரோயாவின் அப்பா வெளியே வருகிறார். அவருக்குப் பார்வை இல்லை. பிழைப்புக்காகத் தெருவில் பொருள் விற்கப் புறப்படுகிறார். மகள் உதவி செய்கிறாள்.

அலியும் ஸாராவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியே திரும்பி நடக்கின்றனர்!

அது அவர்களுடைய பொருள்தான். கேட்க உரிமை உண்டு. ஆனாலும் கேட்கவில்லை. ஏன்? கதவுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துவிட்டனர். பார்த்த பிறகு கோபம் எங்கே நிற்கும்?

பின்னால் ஸாராவின் பேனா ஒன்று தெருவில் விழுந்துவிடுகிறது. பள்ளியில் பரிசாக வாங்கி அண்ணன் கொடுத்த பேனா அது. எடுத்தவள் ரோயா. மறுபடி ஸாராவைப் பார்த்ததும், நேர்மையாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். அன்று சண்டை போட்டிருந்தால் ஒரு நல்ல தோழியை இழந்திருப்பாள் ஸாரா.

மசூதிச் சர்க்கரை!

ஈரானில் தேநீரில் சர்க்கரையைக் கலக்காமல், கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு குடிக்கும் வழக்கம் உண்டு. கூம்பு போலப் பெரிதாக இருக்கும் சர்க்கரையைச் சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும். மசூதிக்காக அந்த வேலையை வீட்டில் செய்கிறார் அலியின் அப்பா. 

மகள் தேநீர் கொண்டு வருகிறாள். அப்பா சர்க்கரை கேட்கிறார். 'இங்கேதான் இவ்வளவு இருக்கிறதே' என்கிறாள் சிறுமி. 'இது மசூதியுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது' என்கிறார் அப்பா. 

ஒரு சின்னத் துண்டை எடுத்தால் யாருக்குத் தெரியும்? அந்த வீட்டில் அது நடக்காது. நேர்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும், இந்த அரை நிமிடக் காட்சிக்கு ஈடாகாது.

எனக்கு வேண்டியது மூன்றாம் பரிசு!

பள்ளிகளுக்கு இடையே ஓட்டப் பந்தயம் அறிவிக்கின்றனர். மூன்றாம் பரிசு என்ன தெரியுமா? ஒரு ஜோடி ஷூ! 

முதல் பரிசுக்கு ஆசைப்படும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாம் பரிசுக்காகவே ஓடும் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? பெயர் கொடுக்கும் நாள் முடிந்த பிறகும், விளையாட்டு ஆசிரியரிடம் அழுது, கெஞ்சி இடம் பிடிக்கிறான் அலி. நாள்தோறும் பள்ளிக்கு ஓடிய கால்கள் ஆயிற்றே! ஓடுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. 

பந்தயத்தில் என்ன ஆனது, பரிசு கிடைத்ததா? சொல்ல மாட்டேன்! நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். கடைசியில் அப்பாவின் சைக்கிள் ஒரு சில நொடிகள் வரும். அதில் என்ன இருக்கிறது என்று தவறாமல் கவனியுங்கள்.

நண்பனைத் தேடிப் போன இயக்குநர்!

'இதெல்லாம் கதைதானே, நிஜத்தில் நடக்குமா?' என்று கேட்பீர்கள். நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அதே ஈரானில், 1987ல், 'நண்பனின் வீடு எங்கே?' என்று ஒரு படம் வந்தது. இயக்கியவர் அப்பாஸ் கியரோஸ்தமி. வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட ஒரு சிறுவன், அதைக் கொடுப்பதற்காகப் பக்கத்து ஊரில் வீடு வீடாக அலைகிறான். 'இனிமேல் நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன்' என்று அந்தத் தோழனை ஆசிரியர் எச்சரித்திருக்கிறார். அதுதான் அவனுடைய பயம். பெரியவர்கள் யாரும் அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை. கோக்கர் என்ற கிராமத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், அந்தப் பகுதிக் குழந்தைகளே நடித்தனர்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1990 ஜூன் மாதம், அந்தப் பகுதியில் பயங்கரமான நிலநடுக்கம். பல்லாயிரக்கணக்கானோர் இறந்தனர். கியரோஸ்தமி பதறிப்போனார். 'என் படத்தில் நடித்த பிள்ளைகள் என்ன ஆனார்களோ?' என்று, இடிபாடுகளுக்கு நடுவே அவர்களைத் தேடிப் புறப்பட்டார். நோட்டோடு அலைந்த அந்தச் சிறுவனைப் போலவே, அவரும் நண்பனின் வீடு எங்கே என்று தேடிப் போனார்! நல்ல வேளை, முக்கிய வேடங்களில் நடித்த இரண்டு சிறுவர்களும் உயிரோடு இருந்தனர். அந்தப் பயணத்தையே 1992ல் இன்னொரு படமாக எடுத்தார்.

படம் முடிந்தால் விளக்கு எரியும். நாம் எழுந்து வந்துவிடுவோம். ஆனால், படத்தில் பார்த்த மனிதர்கள் மீது வந்த அக்கறை, வாசலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் வகுப்பில் அலி யார்?

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். அலியையும் ஸாராவையும் திரையில் பார்ப்பதற்கு முன்பே வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் லாரி வந்து, குடங்களை நிரப்பி வைத்த பிறகே பள்ளிக்கு வர முடிந்த பிள்ளைகள் உண்டு. தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடி வரும் அக்காமார் உண்டு. மழைக்காலத்தில், இரவு துவைத்த ஒரே சீருடை காயாமல், ஈரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்டு. 'எனக்கு டூர் எல்லாம் பிடிக்காது சார்' என்று சொல்லும் சிறுவன் உண்டு. பிடிக்காமல் இல்லை, கட்டப் பணம் இல்லை!

இவர்களுக்கு வகுப்பில் கிடைக்கும் பட்டப்பெயர் என்ன? 'லேட்டு', 'தூங்குமூஞ்சி', 'கஞ்சன்', 'அழுக்கு'. பட்டப்பெயர் வைக்க ஒரு நொடி போதும். அது ஒட்டிக்கொண்டால் வருடக் கணக்கில் உரியாது. 

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது!

ஒருவர் தாமதமாக வந்தாலோ, விளையாட வர மறுத்தாலோ, காரணம் தெரியாமல் கேலி செய்யாதீர்கள். கேட்பதாக இருந்தால் தனியாகக் கேளுங்கள். நாலு பேர் நடுவில் கேட்டால், அது விசாரிப்பு அல்ல, அவமானம்.

ஒருவருடைய கஷ்டம் தெரிய வந்தால், ஊரெல்லாம் பரப்பாதீர்கள். ரோயாவின் வீட்டு வாசலில் அலியும் ஸாராவும் எப்படி மௌனமாகத் திரும்பினர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அலி தன் கஷ்டத்தை ஆசிரியரிடம் சொல்லவே இல்லை. அப்பாவைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற அவன் பாசம் பெரிது. ஆனால், எல்லாவற்றையும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை, கண்ணுகளா! உங்களுக்கு அப்படி ஒரு சுமை இருந்தால், நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, வீட்டுப் பெரியவரிடமோ சொல்லுங்கள். அலிக்காகப் பரிந்து பேசிய அந்த வகுப்பு ஆசிரியரைப் போல, உங்களுக்காகப் பேசவும் ஒருவர் இருப்பார்.

அடுத்த முறை படம் பார்க்கும்போது, 'கதாநாயகன் எத்தனை பேரை அடித்தார்?' என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், 'இந்த மனிதரைப் போல என் தெருவில், என் வகுப்பில் யார் இருக்கிறார்?' என்றும் யோசித்துப் பாருங்கள். 

நாளை காலை, மணி அடித்த பிறகு மூச்சு வாங்க ஓடி வந்து, வாசலில் தயங்கி நிற்கும் உங்கள் வகுப்புத் தோழனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, உட்கார இடம் கொடுங்கள், போதும்!