நாக்கு என்ன நிறம்?

"எங்க வீட்டுல எல்லாருமே கறுப்புதான் டாக்டர், அதான் உதடு கருத்துத் தெரியுது" என்று சொல்லும் தாய்மாரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "நாக்கைப் பார்த்தீங்களா?" பச்சைக் குழந்தைக்குக் குளிரில் கை, கால் மட்டும் நீலம் பூத்தால் பயமில்லை. நாக்கும் ஈறும் நீலமானால், ரத்தத்தில் பிராணவாயு போதவில்லை என்று அர்த்தம்.

பிறவியிலேயே இப்படி நீலம் காட்டும் இருதயக் கோளாறுகளில் அதிகம் காண்பது 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ'. இருதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையும் குறுகல். அழும்போது நீலம் கூடும். ஓடி விளையாடும் பிள்ளை நடுவிலே குந்திக்கொள்ளும். 'சோம்பேறி'ன்னு திட்டாதீங்க! குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதல் ரத்தம் போகிறது. கைக்குழந்தைக்குத் திடீரென்று நீலம் கூடி மூச்சு வாங்கினால், முழங்காலை மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விரலில் மாட்டும் சின்னக் கருவி பிராணவாயு அளவைச் சொல்லும். 'எக்கோ' ஓட்டையையே காட்டும். 1944-ல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டரின் யோசனைப்படி, முதல் 'நீலக் குழந்தை'க்கு நுரையீரலுக்கு மாற்றுவழி அமைத்தார்கள். இன்று பெரும்பாலும் ஒரு வயதுக்குள் முழு ஆபரேஷனே செய்துவிடுகிறோம். "வளர்ந்தா சரியாயிடும்" என்று பாட்டி சொல்வார். இது தானாகச் சரியாவதில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகும் சோதனைக்கு வரவேண்டும். பல் பிடுங்கப் போனால், முதலில் இருதய விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.